பாட்டில் குழம்பு, வீட்டுக் குழம்பு ஆகுமா?

காலை மணி 4-30.

கும்மிடிப்பூண்டி இன்னும் தூங்கிக்கொண்டு இருக்கிறது. ஒரு வீட்டின் சமையல் அறையில் மட்டும் விளக்கு எரிகிறது.

கணவனுக்கு 6 மணி ஷிப்டு. இரும்புக் கம்பி தயாராகும் தொழிற்சாலையில் வேலை. மனைவிக்கும் வேலை உண்டு. 7 மணிக்குக் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்துவிடும். அது யாருக்காகவும் காத்து நிற்காது. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் ஏழாம் வகுப்பு. சின்னவள் மூன்றாம் வகுப்பு. ஊரில் இருந்து வந்த மாமியாரும் வீட்டில் இருக்கிறார்.

இத்தனை பேருக்கும் காலைப் பலகாரம் ஆக வேண்டும். நாலு டப்பாவில் மத்தியானச் சோறு கட்ட வேண்டும். இருப்பதோ ஒரு மணி நேரம்!

அவள் அலமாரியைத் திறந்தாள். ஒரு பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகினாள். "டப்" என்று சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தில் மாமியார் விழித்துக்கொண்டார்.

"என்னம்மா அது? இன்னிக்கும் பாட்டிலா?"

"ஆமாம் அத்தை. புளியோதரை விழுது. நேரம் இல்லை."

"நானும் நாலு பிள்ளை வளர்த்தேன். ஒரு நாளாவது கடைக் குழம்பை ஊத்தி இருப்பேனா? இதுக்குப் பேர் வீட்டுச் சாப்பாடா?"

மருமகள் பதில் சொல்லவில்லை. சுடு சோற்றைத் தட்டில் கொட்டினாள். விழுதைப் போட்டுக் கிளறினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது மிளகாய் நெடியால் அல்ல.

இந்த வீடு நாம் கற்பனை செய்த வீடு. ஆனால் கதவு எண்ணை மட்டும் மாற்றினால் போதும், இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். மாமியார் கேட்டது நியாயமான கேள்விதானா? மருமகள் செய்தது தவறா? இன்று அதைப் பார்ப்போம்.

சங்கு ஊதும் ஊர்

சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. கொல்கத்தா நெடுஞ்சாலை அதன் வழியாகப் போகிறது. சென்ட்ரலில் இருந்து புறநகர் ரெயில் வருகிறது. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் ஆரம்பாக்கம். அதைத் தாண்டினால் ஆந்திரா.

தமிழக அரசின் "சிப்காட்" நிறுவனம் 1971-ல் தொடங்கப்பட்டது. அது கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அமைத்தது. பிறகு தேர்வாய் கண்டிகையிலும் ஒன்று வந்தது. திருவள்ளூர் பக்கம் காக்களூரில் ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது.

தொழிற்சாலை வந்தால் அதோடு ஷிப்டும் வரும். வயலில் வேலை செய்தவர்களுக்குச் சூரியன்தான் கடிகாரம். மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பிடலாம். ஷிப்டு அப்படி அல்ல. ஒரு வாரம் பகல். ஒரு வாரம் இரவு. ஒரே வீட்டில் கணவன் வரும்போது மனைவி புறப்படுவாள். அடுப்பு மட்டும் நடுவில் நின்றுகொண்டு இருக்கும்.

இந்த இடைவெளியில்தான் பாட்டில் நுழைந்தது. இஞ்சி பூண்டு விழுது, வத்தக்குழம்பு விழுது, தக்காளித் தொக்கு, தக்காளி சாஸ், சோயா சாஸ், பாக்கெட் இட்லி மாவு என்று ஒவ்வொன்றாக வந்து அலமாரியில் உட்கார்ந்துகொண்டன.

பாட்டி செய்த பாட்டில்

ஒரு விஷயத்தை நாம் மறந்துவிடுகிறோம். தயாராக வைத்துக்கொண்டு அவசரத்துக்கு எடுப்பது நமக்குப் புதிது அல்ல.

பாட்டி வீட்டுப் பரணில் என்ன இருந்தது? ஊறுகாய் ஜாடி. பருப்புப் பொடி. கறிவடகம். வற்றல். பயணம் போகிறவர்களுக்குக் கட்டிக் கொடுக்கப் புளிக்காய்ச்சல். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் கேட்கவே வேண்டாம். ஆவக்காய் ஜாடியும் கோங்குரா ஜாடியும் வருஷம் முழுவதும் காலியாவது இல்லை. கோங்குரா என்பது வேறு ஒன்றும் அல்ல, நம் புளிச்சகீரைதான்.

புளிக்காய்ச்சலை எப்படிச் செய்தார்கள்? புளியைக் கெட்டியாகக் கரைத்தார்கள். நல்லெண்ணெயில் கடுகு, மிளகாய் வற்றல், கடலைப் பருப்பு, பெருங்காயம் தாளித்தார்கள். புளிக்கரைசலை ஊற்றி, உப்பும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவிட்டார்கள். தண்ணீர் வற்றி, எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரையில் கிளறினார்கள். வெந்தயத்தை வறுத்துப் பொடித்துத் தூவினார்கள்.

அது ஏன் நாள்கணக்கில் கெடாமல் இருந்தது தெரியுமா?

உணவைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அவை வளரத் தண்ணீர் வேண்டும். பாட்டி தண்ணீரை வற்ற வைத்துவிட்டார். மிச்சம் இருந்த ஈரத்தை உப்பு பிடித்துக்கொண்டது. புளிப்பிலே பல கிருமிகளால் வாழ முடியாது. மேலே நின்ற எண்ணெய் காற்றைத் தடுத்தது. ஈரக் கரண்டியை ஜாடியில் விட்டால் பாட்டி ஏன் அடிக்க வந்தார் என்பது இப்போது புரிகிறது அல்லவா?

கடைக்காரப் பாட்டிலும் இதே வித்தையைத்தான் செய்கிறது. ஆனால் அது ஒரு வாரம் இருந்தால் போதாது. லாரியில் போக வேண்டும். கடையில் மாதக்கணக்கில் நிற்க வேண்டும். ஆகவே உப்பும் எண்ணெயும் தாராளமாக விழலாம். புளிப்புக்கு அசெட்டிக் அமிலம் சேரலாம். அதுதான் வினிகரில் இருக்கும் புளிப்பு. கெடாமல் இருக்க சோடியம் பென்சோயேட் என்ற மருந்து சேரலாம். இவற்றை எந்த அளவுக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது.

பாட்டிலில் அடைத்த குழம்பு என்பதற்காக அதை விஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் பாட்டியின் ஜாடியும் அதுவும் ஒன்றே என்றும் சொல்ல முடியாது.

ஆட்டுக்கல் போனது, வீடு போகவில்லை

மாமியாருக்கு ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ள வேண்டாம்!

1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தில் சுற்றும் மாவு அரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். அதற்கு முன்பு இட்லி வேண்டுமானால் ஒரு பெண் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்தே ஆக வேண்டும். கை ஓய ஓய ஆட்ட வேண்டும். கிரைண்டர் வந்த புதிதில், "கையால் ஆட்டிய மாவு மாதிரி வருமா?" என்று பலர் கேட்டார்கள். சிலர் இன்றைக்கும் கேட்கிறார்கள். ஆனால் கிரைண்டரில் அரைத்த இட்லி வீட்டு இட்லி அல்ல என்று யாராவது சொல்கிறார்களா?

மிளகாய்த்தூள் கதையும் அதுவேதான். முன்பு மிளகாயும் மல்லியும் வாங்கி, மொட்டை மாடியில் காய வைத்து, வறுத்து, மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வியாபாரம் செய்த பி.சி. துரைசாமி 1970-களில் சக்தி மசாலாவைத் தொடங்கினார். 1995-ல் பத்மசிங் ஐசக் ஆச்சி மசாலாவைத் தொடங்கினார். இன்று பாக்கெட் தூள் நுழையாத தெரு தமிழ்நாட்டில் இல்லை. அதைப் போட்டு வைத்த சாம்பாரை வீட்டுச் சாம்பார் என்றுதான் எல்லாரும் சாப்பிடுகிறோம்.

ஆகவே, "கடையில் வாங்கியது" என்பதற்காக மட்டும் மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. பாட்டிலுக்கு உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை கரண்டி விழுகிறது, தட்டில் அதோடு வேறு என்ன இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

மருந்து போனது, சர்க்கரை வந்தது

தக்காளி சாஸுக்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் நடந்தது.

அந்தக் காலத்தில் அங்கே உணவில் எதை வேண்டுமானாலும் கலந்தார்கள். கேட்பார் இல்லை. ஹார்வி வைலி என்ற அரசாங்க ரசாயன நிபுணர் இதைப் பொறுக்கவில்லை. 1902-ல் அவர் இளைஞர்கள் சிலரைத் திரட்டினார். அவர்களுக்குச் சாப்பாடு இலவசம். ஆனால் அந்தச் சாப்பாட்டில், கடைப் பண்டங்களில் சேர்க்கும் மருந்துகளைக் கலந்து கொடுத்தார்! அவர்கள் உடம்பு என்ன ஆகிறது என்று கவனித்தார். பத்திரிகைகள் அவர்களுக்கு "விஷப் படை" என்று பெயர் வைத்தன. நாடே பரபரப்பு அடைந்தது. 1906-ல் உணவுச் சட்டம் வந்தது.

அப்போது பல கம்பெனிகள் சாஸில் சோடியம் பென்சோயேட் சேர்த்து வந்தன. ஹெயின்ஸ் என்ற கம்பெனி, அது இல்லாமலே சாஸ் செய்து காட்டியது. எப்படி? நன்றாகப் பழுத்த தக்காளியைப் போட்டது. வினிகரைக் கூட்டியது. புளிப்பு தூக்கலாகிவிட்டதே! அதைச் சமாளிக்கச் சர்க்கரையையும் கூட்டியது. ஜனங்களுக்கு அந்த ருசி பிடித்துவிட்டது. சாஸ் என்றால் இனிக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

இன்று நம் பிள்ளைகள் தோசைக்குக்கூடத் தொட்டுக்கொள்ளும் சாஸில், ஒரு மேஜைக் கரண்டிக்கு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. "மருந்து சேர்க்கவில்லை" என்று பாட்டிலில் பெரிதாகப் போட்டிருந்தால் சந்தோஷப்படுங்கள். ஆனால் அதற்குப் பதிலாக எது கூடியிருக்கிறது என்று கீழே இருக்கும் சின்ன எழுத்தையும் பாருங்கள்.

உப்புக் கணக்கு

சர்க்கரை வாயில் தெரியும். உப்பு அப்படி அல்ல. புளிப்பும் காரமும் சேர்ந்தால் உப்பு ஒளிந்துகொள்ளும்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். இந்தியர்கள் சராசரியாக 8 கிராம் சாப்பிடுகிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானிகள் 2023-ல் தெரிவித்தார்கள்.

பாட்டிலில் "உப்பு" என்று போட்டிருக்க மாட்டார்கள். "சோடியம்" என்று போட்டிருப்பார்கள். அதை உப்பாக மாற்ற இரண்டரையால் பெருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் விழுதில் சோடியம் 2,000 மில்லிகிராம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2,000 மில்லிகிராம் என்றால் 2 கிராம். இரண்டரையால் பெருக்கினால் 5 கிராம் உப்பு. அதை நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு ஒன்றேகால் கிராம். இது ஒரு வேளைச் சோற்றில் கலந்த விழுதுக்கு மட்டும். அதோடு ஓர் அப்பளம். ஒரு துண்டு ஊறுகாய். சோற்றில் போட்ட உப்பு. இரவு நூடுல்ஸில் ஒரு கரண்டி சோயா சாஸ். அந்த ஒரு மேஜைக் கரண்டி சோயா சாஸில் மட்டும் சுமார் 2 கிராம் உப்பு!

இப்படித்தான் 5 கிராம் என்ற எல்லையைத் தாண்டுகிறோம். உப்பு கூடினால் ரத்த அழுத்தம் கூடும். ரத்த அழுத்தம் வலிக்காது. காய்ச்சல் வராது. பல பேருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. இதயத்தையும் சிறுநீரகத்தையும் அது சத்தம் இல்லாமல் கெடுக்கும்.

"என் வீட்டுக்காரர் உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறார். வியர்த்துக் கொட்டுகிறது. அவருக்கு உப்பு வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. வியர்வையில் உப்பு போவது உண்மை. அவருக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்பதைத் தொழிற்சாலை டாக்டரிடம் கேளுங்கள். ரத்த அழுத்தத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். ஆனால் அவருக்கு வியர்க்கிறது என்பதற்காகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் டப்பாவிலும் உப்பைக் கூட்ட வேண்டியது இல்லை.

இங்கே மாமியார்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வீட்டில் செய்தது என்பதற்காக ஊறுகாயில் உப்பு குறைந்துவிடாது. கடை சாஸைத் திட்டிக்கொண்டே மூன்று வேளையும் ஊறுகாய் போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு.

20 பேர் சாப்பிட்ட சாப்பாடு

2019-ல் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் கெவின் ஹால் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். 20 பேரை நாலு வாரம் தங்க வைத்தார். இரண்டு வாரம் தொழிற்சாலையில் தயாரான பாக்கெட் சாப்பாடு. இரண்டு வாரம் காய், பழம், இறைச்சி, தானியம் என்று புதிதாகச் சமைத்த சாப்பாடு. இரண்டிலும் உப்பு, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவாக இருக்கும்படி பரிமாறினார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்.

பாக்கெட் சாப்பாடு சாப்பிட்ட நாட்களில், ஒவ்வொருவரும் தினம் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள். அது அவர்களுக்கே தெரியவில்லை! இரண்டே வாரத்தில் எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. சமைத்த சாப்பாட்டுக்கு மாறியதும் அதே அளவு இறங்கியது.

இதைக் கேட்டதும் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அவர்கள் சாப்பிட்டது காலை முதல் இரவு வரை பாக்கெட் சாப்பாடு. நம் மருமகள் செய்தது அது அல்ல. அவள் அரிசி களைந்தாள். சோறு வடித்தாள். அதில் விழுதைக் கலந்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

ஆனால் டப்பாவைத் திறந்து பார்த்தால் ஒரு குறை தெரிகிறது. புளியோதரை இருக்கிறது. காய் இல்லை. பருப்பு இல்லை. தொட்டுக்கொள்ளச் சிப்ஸ். பாட்டில் வந்ததால் குழம்பு மட்டும் மாறவில்லை. குழம்பில் மிதந்த முருங்கைக்காயும் கத்தரிக்காயும் காணாமல் போய்விட்டன! கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

தமிழ் எங்கே?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் இந்தியர்களுக்கு 17 உணவு அறிவுரைகளை வெளியிட்டது. "பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்" என்பதும் அவற்றில் ஒன்று.

நல்ல அறிவுரைதான். ஆனால் எந்த மொழியில் படிப்பது?

நம் நாட்டு விதிப்படி பாக்கெட்டில் இங்கிலீஷ் அல்லது இந்தி இருந்தால் போதும். மற்ற மொழி வேண்டுமானால் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டாயம் இல்லை. பாட்டிலின் முகப்பில் "பாட்டி கைமணம்" என்று தமிழில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் இங்கிலீஷில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். வாங்கச் சொல்வது தமிழில்; எச்சரிக்கை மட்டும் வேறு மொழியில்! இது நியாயமா என்று கேட்கத் தோன்றுகிறது.

அதுவரையில் சும்மா இருக்க வேண்டாம். எண்களைப் படிக்க எந்த மொழியும் வேண்டாம்.

முதலில் 14 இலக்க எண் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அது உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொடுத்த லைசென்ஸ் எண். அது இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள். பிறகு தேதியைப் பாருங்கள். அதன் பிறகு, என்னென்ன சேர்த்தார்கள் என்ற பட்டியல். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. புளியோதரை விழுதில் முதல் பெயர் புளியாக இருந்தால் சரி. முதல் பெயர் எண்ணெய், இரண்டாவது உப்பு என்று இருந்தால், நீங்கள் காசு கொடுப்பது புளிக்கு அல்ல. 211 என்ற எண் இருந்தால் அது சோடியம் பென்சோயேட். 202 என்றால் பொட்டாசியம் சார்பேட். இரண்டும் கெடாமல் காப்பவை. 621 என்றால் சுவை கூட்டும் உப்பு. அதிலும் சோடியம் உண்டு. கடைசியாக, சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள்.

எழுத்து தெரியாவிட்டால் வெட்கம் வேண்டாம். வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பையன் எதற்கு இருக்கிறான்?

பாக்கெட்டா, சில்லறையா?

"பாக்கெட்டே வேண்டாம். சில்லறையில் தூள் வாங்கிக்கொள்கிறேன்" என்று சிலர் சொல்வார்கள். அதிலும் ஆபத்து உண்டு.

2005 பிப்ரவரியில் இங்கிலாந்தில் 400-க்கும் அதிகமான உணவுப் பண்டங்களைக் கடைகளில் இருந்து திரும்ப எடுத்தார்கள். காரணம், ஒரு சாஸில் சேர்த்த மிளகாய்த்தூள். அதில் "சூடான்-1" என்ற சிவப்புச் சாயம் இருந்தது. காலணி பாலிஷுக்கும் மெழுகுக்கும் போடும் சாயம் அது! அந்தத் தூள் இந்தியாவில் இருந்து போனது. 2024-ல் ஹாங்காங்கில் இரண்டு பெரிய இந்தியக் கம்பெனிகளின் மசாலாவில் பூச்சிமருந்துப் புகை தங்கியிருப்பதாகச் சொல்லித் தடை போட்டார்கள். தங்கள் சரக்கு பாதுகாப்பானதே என்று கம்பெனிகள் கூறின.

பெயர் பெற்ற பாக்கெட்டிலேயே சந்தேகம் வரும்போது, பெயரே இல்லாத பொட்டலத்தை யார் சோதிப்பார்கள்? பாக்கெட்டில் ஒரு கோளாறு என்றால் பிடித்துக் கேட்க ஒரு பெயரும் ஒரு எண்ணுமாவது இருக்கின்றன. முடிந்தவர்கள் மிளகாயும் மல்லியும் முழுசாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் மேல்.

289 நிமிடம்

இனி யாரும் பேசாத கணக்கு ஒன்று.

மத்திய அரசு 2024-ல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. நாட்டு மக்கள் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்டது. சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிட்டது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரிதான் இந்த 88. கையே வைக்காதவர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை!

"இதெல்லாம் வீட்டுச் சாப்பாடா?" என்ற கேள்வியை மாமியார் யாரிடம் கேட்டார்? மருமகளிடம். மகனிடம் கேட்டாரா? இல்லை. மகனுக்கும் கை இருக்கிறது. அரிவாள்மனை அவனையும் கடிக்காது.

நேரம் இல்லாத வீட்டில் பாட்டில் வேண்டாம் என்றால், அந்த நேரத்தை யாராவது கொடுக்க வேண்டும். கொடுக்காமல் திட்டுவதால் குழம்பு கொதிக்காது.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பு

அந்த வீட்டுக்குத் திரும்புவோம். இன்று ஞாயிற்றுக்கிழமை. யாருக்கும் ஷிப்டு இல்லை.

அவசர நாளுக்குப் பாட்டில் இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வாரத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். விழுது விழுகிற அன்றைக்குச் சோற்றில் உப்புப் போடுவது இல்லை. அப்பளம், ஊறுகாய் கிடையாது. பாட்டிலில் சொல்லியிருப்பதில் பாதி அளவு விழுது போதும். அதோடு ஒரு பிடி வேகவைத்த கொண்டைக்கடலை. ஒரு பொரியல். காயை முந்தின நாள் இரவே நறுக்கி வைத்துவிட்டால் காலையில் பத்து நிமிட வேலை. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இரவு நறுக்கக்கூடாது. வெள்ளரிக்காய், கேரட் என்று பச்சையாகக் கடிக்கிற காயைக் காலையில் கழுவிக் கொடுத்துவிடலாம். தக்காளி சாஸை மேஜையில் வைப்பது இல்லை. கேட்டால் ஒரு கரண்டி.

மற்ற நாட்களுக்கு? ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் எல்லாரும் அடுப்படியில்! வாரத்துக்கான புளிக்காய்ச்சல். ஒரு பாட்டில் பருப்புப் பொடி. இஞ்சி பூண்டு விழுது. விழுதில் தண்ணீர் விடாமல் அரைத்து, குளிர்பெட்டியில் வைத்து, அந்த வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

மாமியார் புளியைக் கரைத்தார். மருமகள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பூண்டு உரித்தாள். சின்னவள் கடுகு டப்பாவைக் கொட்டிவிட்டு ஓடிப்போனாள்.

மூத்தவன் கையில் பழைய பாட்டில்.

"உப்பு எவ்வளவுடா போட்டிருக்கான்? படி பார்க்கலாம்" என்றார் பாட்டி.

"சோடியம் 1,800 மில்லிகிராம், பாட்டி."

"அதை இரண்டரையால பெருக்கணுமாமே?"

பையன் விரலை மடக்கினான். "நாலரை கிராம்."

"அடேங்கப்பா! என் புளிக்காய்ச்சல்ல இவ்வளவா போடறேன்?" பாட்டி கையில் எடுத்த உப்பைப் பார்த்தார். ஒரு கணம் யோசித்தார். பாதியைத் திரும்ப ஜாடியில் போட்டார்.

பிறகு அடுப்புப் பக்கம் திரும்பினார். அங்கே நின்றுகொண்டு இருந்தது மகன்.

"என்னடா பராக்குப் பார்க்கிறே? அடி பிடிக்குது பாரு, கிளறு!"